வாசிக்காமல் இருக்கும் உரிமை
மூத்த மிருதங்க வித்வான் மேடையை விட்டு விலகுவது குறித்து

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி ஆலைக் குடியிருப்புகளிலும் பணி ஓய்வு என்பது நாள் குறித்து நடக்கும் சடங்கு. மாலை, சால்வை, நாலு பேர் பேச்சு, குரூப் போட்டோ, பிறகு வாடகை வேனில் வீடுவரை கொண்டுபோய் விடுதல். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அதற்குப் பத்தாண்டு கழித்து வந்த டன்லப், 1965இல் விஜயந்தா டாங்கியை உருவாக்கி அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலை என்று ஆலைச் சங்கின் நேரத்துக்கு வளர்ந்த ஊர்கள் இவை. எந்தத் தேதியில் ஒருவர் வேலையை விடுவார் என்பது அவர் சேர்ந்த நாளிலேயே பதிவேட்டில் ஏறிவிடும்.

கச்சேரி மேடைக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. மிருதங்க வித்வானுக்கு ஐம்பத்தெட்டும் இல்லை, அறுபதும் இல்லை. அவர் விஷயத்தில் ஓய்வு முதலில் கேள்வியாகத்தான் வரும். "சார் இந்த சீசன் வாசிக்கிறாரா?" என்று சபா வாசலில் யாராவது கேட்பார்கள். "கையில வலின்னு கேள்விப்பட்டேன்" என்று ஒருவர் சொல்வார். "பையன்தான் இப்ப வாசிக்கிறான்" என்று இன்னொருவர் முடித்துவைப்பார். வித்வான் வாய் திறப்பதற்கு முன்பே அவர் ஓய்வுபெற்றுவிட்டதாக ஊர் முடிவு கட்டிவிடுகிறது.

இந்தப் பேச்சில் மூன்று வெவ்வேறு சங்கதிகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. கை ஓய்வது ஒன்று. காது வேறொன்றைக் கேட்கத் தொடங்குவது இரண்டாவது. மேடையே மாறிப்போய், அதில் தம் வாசிப்புக்கு இடமில்லை என்று கலைஞர் உணர்வது மூன்றாவது. முதலாவதை மட்டும் நாம் ஓய்வு என்று எண்ணுகிறோம். மற்ற இரண்டும் கலைஞரின் தீர்ப்புகள். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய மிருதங்க வித்வானாகப் பலர் கருதும் பாலக்காடு மணி அய்யரின் வாழ்க்கை இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது.

சிலம்பு வகுத்த தகுதி

தாளக் கருவி வாசிப்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே வகுத்துவிட்டது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்குத் துணை நிற்கும் ஒவ்வொருவரின் தகுதியும் தனித்தனியே சொல்லப்படுகிறது. ஆடலாசிரியன், இசையோன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று அந்த வரிசை போகும். தண்ணுமையாசிரியனுக்குச் சொன்ன தகுதிகளில், விரல் வேகத்தைவிட நிதானமே மேலோங்கி நிற்கிறது. மற்றக் கருவிகளில் குறை நேரும் இடத்தில் அதை நிரப்ப வேண்டும். பெருக்க வேண்டிய இடத்தில் பெருக்கி, அடக்க வேண்டிய இடத்தில் அடக்க வேண்டும். தன் வாசிப்பு மிகையாகத் தோன்றாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, எங்கே வாசிக்கக் கூடாது என்ற அறிவு தண்ணுமைக்காரனின் தகுதிகளில் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கிறது. பாடகர் நிரவலில் ஒரு சொல்லை அசைத்துக்கொண்டிருக்கும்போது மிருதங்கம் கொஞ்சம் ஒதுங்கும். துக்கடாவில் ஒரு வரி முடிந்து அடுத்தது எழும் இடைவெளியைத் தொடாமல் விடும். இந்த ஒதுங்குதலைப் பயிலப் பல ஆண்டுகள் பிடிக்கும். தனி ஆவர்த்தனத்தில் கைதட்டல் வாங்குவது அதைவிட எளிது. மணி அய்யரின் பதிவுகளைக் கேட்பவர் முதலில் வியப்பது கணக்கை. பழகிய காது நாளடைவில் வியப்பது அவர் விட்டுவைத்த இடங்களை.

மணி அய்யர்

1912இல் பாலக்காடு வட்டாரத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ராமசுவாமி. வீட்டில் அழைத்த 'மணி'யே உலகம் அறிந்த பெயராயிற்று. சாத்தபுரம் சுப்பய்யரிடம் தொடக்கப் பயிற்சி. செம்பை வைத்தியநாத பாகவதர் இந்தச் சிறுவனின் கையை அடையாளம் கண்டு தம் கச்சேரிகளுக்கு அழைத்துச் சென்றார். பதின்ம வயதின் தொடக்கத்திலேயே சென்னை மேடை அவரை வியந்து பார்த்தது. பின்னர் தஞ்சாவூர் வைத்தியநாத அய்யரிடம் முறையான குருகுலப் பயிற்சி. கஞ்சிராவில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை இருந்த காலத்தில், அவர் பக்கத்தில் அமர்ந்து வாசித்துத் தேறியவர் மணி அய்யர். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையால் வலந்தலையை ஆண்ட அதே ஆண்டுகளில் இவர் வலக்கையால் ஆண்டார். அந்த இருவர் வழிதான் இன்றைய மிருதங்க வாசிப்பின் பெரும்பகுதி கிளைத்திருக்கிறது.

அரியக்குடி, முசிறி, செம்மங்குடி, மதுரை மணி, ஜி.என்.பி. என்று ஒரு தலைமுறைப் பாடகர் அனைவருக்கும் அவர் வாசித்தார். சங்கீத நாடக அகாதெமி விருது 1956இல் வந்தது. 1928இல் தொடங்கிய சென்னை மியூசிக் அகாடமி, மிருதங்கம் வாசிப்பவர் ஒருவருக்கு சங்கீத கலாநிதி வழங்க 1966 வரை காத்திருந்தது. முதலில் பெற்றவர் மணி அய்யர். 1971இல் பத்ம பூஷண் கிடைத்தது.

அப்போது அவருக்கு வயது ஐம்பதுகளில்தான். கை தளரவில்லை. அழைப்புகளும் குறையவில்லை. ஆனால் ஏறத்தாழ அதே காலத்தில், மைக் வைத்த கச்சேரியில் வாசிப்பதில்லை என்று முடிவெடுத்தார். பெரிய சபாக்கள் பெரிய அரங்குகளைக் கட்டி முடித்திருந்த நேரம் அது. மியூசிக் அகாடமியின் புதிய அரங்கம் 1962இல் திறக்கப்பட்டது. அத்தகைய அரங்குகளில் ஒலிபெருக்கி இன்றி ஒரு கச்சேரி நடத்துவது எந்தச் செயலாளருக்கும் தலைவலி. எனவே மணி அய்யர் விதித்த நிபந்தனையும் மேடையை விட்டு விலகுவதும் நடைமுறையில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. கச்சேரிகள் குறைந்தன. மைக் இல்லாமல் பாட இசைந்த சிலரோடு சில இடங்களில் வாசித்தார். பிற்காலத்தில் ஆந்திரத்தின் மதனப்பள்ளியை அடுத்த ரிஷி வேலி பள்ளியில் தங்கிக் கற்பித்தார். தேர்ந்தெடுத்த கச்சேரிகளில் வாசிப்பும் தொடர்ந்தது. 1981 மே மாதம் மறைந்தார்.

இதை ஓய்வு என்று சொல்வதா? வாசிக்கும் ஆற்றல் முழுதாக இருந்தபோதே, எந்த ஒலியில் தம் பெயர் ஒலிக்கலாம் என்பதை அவரே தீர்மானித்தார். மேடையை அவர் வெறுத்ததாகத் தெரியவில்லை. மேடையில் தம் ஒலிக்கு இருந்த அதிகாரம் கைமாறிப்போனதைத்தான் அவர் ஏற்கவில்லை.

மைக் செய்த வேலை

அந்த அதிகாரம் எப்படிக் கைமாறியது என்பதை இக்கருவியின் அமைப்பைக் கொண்டு விளக்கலாம். மிருதங்கம் பலா மரத்தில் கடைந்த ஒற்றைக் குடம். வலந்தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தோல்கள், நடுவில் படிப்படியாகத் தேய்த்து ஏற்றிய கருஞ்சோறு. இடந்தலையான தொப்பியில் கனத்த தோல். கச்சேரிக்கு முன் அதன் நடுவே ரவை பிசைந்து அப்புவார்கள். சாதாரணப் பறை வகைகளில் தோலை அடித்தால் எழும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கமும் தபேலாவும் விதிவிலக்கு. இதை அறிவியல் கண்ணோடு முதலில் கண்டு சொன்னவர் சர் சி.வி. ராமன். 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழிலும், பின்னர் 1934இல் விரிவான கட்டுரையிலும், கருஞ்சோற்றின் பாரம் தோலின் அதிர்வை ஒழுங்குபடுத்தி முதல் ஐந்து ஒலிகளை இசைத் தொடராக்குகிறது என்று அவர் விளக்கினார். வீணைத் தந்தி போலச் சுருதியோடு பேசும் தோல் இது.

இந்த ஒலி ஒரே இடத்திலிருந்து பிறப்பதில்லை. வலந்தலையின் மீட்டும் சாபும், தொப்பியின் கும்கியும், குடத்துக்குள் சுழலும் காற்றும் சேர்ந்து, சில அடி தொலைவில்தான் முழு ஒலியாகின்றன. அந்தக் கலவையை அளப்பது வித்வானின் மணிக்கட்டு. பாடகர் மந்தரத்தில் இறங்கினால் தொப்பியைக் கொஞ்சம் தணிப்பார். தாரஸ்தாயியில் ஏறினால் வலந்தலையைத் திறப்பார்.

ஒரு சாண் தூரத்தில் நிற்கும் மைக் அந்தக் கலவை கூடும் முன்பே ஒலியைப் பிடித்துவிடுகிறது. இன்றைய மேடையில் தலைக்கு ஒன்றாக இரண்டு மைக். இரு தலைகளுக்கும் இடையிலான அளவை இப்போது மணிக்கட்டு தீர்மானிப்பதில்லை. அரங்கின் கோடியில் மிக்ஸர் முன் உட்கார்ந்திருப்பவரின் விரல் தீர்மானிக்கிறது. வித்வான் மெல்ல வாசித்தால் அவர் ஏற்றுவார். ஓங்கி வாசித்தால் இறக்குவார். சிலப்பதிகாரம் தண்ணுமைக்காரனுக்குக் கொடுத்த ஆக்கலும் அடக்கலும் இவ்வாறு வேறு ஒருவரிடம் போய்விட்டன. வித்வானோ முன்னால் வைத்த மானிட்டரிலிருந்து திரும்பி வரும் தம் சத்தத்தைக் கேட்டு வாசிக்கிறார்.

மைக் வந்ததால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஆண் பாடகர்கள் நாலு கட்டை, ஐந்து கட்டை சுருதியில் உயர்த்திப் பாட வேண்டியிருந்தது. மைக் வந்தபின் இறக்கிய சுருதியில் நுண்மையாகப் பாட வழி பிறந்தது. அதற்கேற்பத் தக்கு சுருதி மிருதங்கமும் மேடையில் பெருகியது. பெரிய குடத்தின் ஆழ்ந்த தொப்பி ஒலியை இன்று ரசிக்கும் நாம் அந்த மாற்றத்துக்கும் கடன்பட்டவர்கள். வீடு தூரமாக இருப்பதால் கடைசி வரிசையில் உட்கார்ந்து முன்னதாகவே எழுந்துபோகும் புறநகர் ரசிகருக்குக்கூடப் பாடலின் சொல் கேட்கிறது என்றால் அதற்கும் மைக்தான் காரணம். மணி அய்யரின் முடிவு இந்த நன்மைகளை மறுக்கவில்லை. இவற்றுக்காகத் தாம் கொடுக்க வேண்டிய விலை தமக்குக் கட்டுப்படி ஆகாது என்பதே அதன் பொருள்.

மறுக்கும் உரிமையின் மறுபக்கம்

வாசிக்க மறுப்பது எப்போதும் உயர்ந்த செயல் என்று கொள்ளக் கூடாது. மணி அய்யர் தலைமுறையின் முன்னணிப் பக்கவாத்தியக்காரர்கள் பலர் நீண்ட காலம் பெண் பாடகிகளுக்கு வாசிக்க மறுத்தவர்கள். அவரும் அதில் அடக்கம். அந்த மறுப்பில் இசைக் காரணம் எதுவும் இல்லை. அக்காலச் சமூகப் பழக்கமே காரணம். பின்னாளில் அவர் அதைக் கைவிட்டு டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். அவருடைய மகளைப் பட்டம்மாளின் மகன் மணந்தார். அந்த இணையரின் மகள் நித்யஸ்ரீ மகாதேவன் இன்றைய முன்னணிப் பாடகி. மறுத்த கைக்கே பேத்தியின் குரல் வாரிசானது.

எனவே மறுப்பு ஒவ்வொன்றையும் அதன் காரணத்தோடு எடைபோட வேண்டும். மைக்கை மறுத்தது ஒலியைக் காக்க. பாடகிகளை மறுத்தது ஒரு வழக்கத்தைக் காக்க. முதலாவது அவரை உயர்த்தியது. இரண்டாவதிலிருந்து அவரே மீண்டு வந்தார். வித்வானின் ஓய்வுக்கு மரியாதை செய்யும்போது, அதற்கு என்ன காரணம் என்பதையும் மரியாதையோடு கேட்பது ரசிகரின் கடமை.

கருவி செய்பவர் ஓய்வு

இன்னொரு பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். மணி அய்யரின் மிருதங்கங்களைச் செய்தவர்களில் முதன்மையானவர் தஞ்சாவூர் செபாஸ்டியன் குடும்பத்தின் பர்லாந்து. எந்தத் தோல், எவ்வளவு இறுக்கம், சோறு எவ்வளவு என்று வாசிப்பவரும் செய்பவரும் சேர்ந்து தேடியதில்தான் மணி அய்யரின் ஒலி உருவானது. தலைமுறைகளாக இத்தொழிலைச் செய்துவரும் தலித் கிறித்தவக் குடும்பங்களின் வரலாற்றை பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் பதிவு செய்தது. வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டதால், விழா சென்னை ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது. மேடையில் இருப்பவரின் ஓய்வு செய்தியாகிறது. தோலுக்கு முன் குனிந்து வார் இழுத்த முதுகின் ஓய்வை யாரும் எழுதுவதில்லை. ஒரு மூத்த வித்வான் விலகும்போது அவருக்கென்றே கருவி செய்து பழகிய கையும் ஒரு வாடிக்கையாளரை இழக்கிறது. அவர் மடியில் எப்படி உட்கார வேண்டும், எந்தச் சுருதிக்கு எவ்வளவு ஏற வேண்டும் என்று அந்தக் கை சேர்த்துவைத்த அறிவுக்கு அதன்பின் வேலை இல்லாமல் போகிறது.

விலகாமல் மாறியவர்கள்

மணி அய்யரின் வழி ஒன்றே வழி அல்ல. அவருக்கும் ஆசானாக இருந்த தஞ்சாவூர் வைத்தியநாத அய்யரின் வீட்டில் சிறுவயதிலேயே வந்து வளர்ந்தவர் டி.கே. மூர்த்தி. 1924இல் பிறந்த அவர் எம்.எஸ். சுப்புலட்சுமிக்குப் பல பத்தாண்டுகள் வாசித்தார். 2017இல் பத்மஸ்ரீ வந்தபோது வயது தொண்ணூற்றிரண்டு. அதன் பிறகும் மேடை ஏறினார். கையின் வேகம் குறையும் காலத்தில் அவர் தேர்ந்த இன்னொரு வித்தை துணை நிற்கும். அது கொன்னக்கோல். சொற்கட்டு வாயில் உயிரோடு இருக்கும்வரை தாளம் ஓய்வதில்லை. ஒரு காலத்தில் மன்னார்குடி பக்கிரியா பிள்ளை கொன்னக்கோலுக்கென்றே மேடையில் தனி இடம் பெற்றிருந்தார் என்பதை நினைத்தால், மூத்த மிருதங்கக்காரருக்கு இது இறக்கம் ஆகாது என்பது தெளிவாகும்.

வேலூர் ராமபத்ரன் காட்டியது வேறு பாதை. வயதானால் முதலில் போவது பரன், அதாவது விரல்கள் ஓடி வரும் வேகம். பரனை நம்பி வாழ்ந்தவருக்கு அந்த இழப்பு பெரிது. ராமபத்ரனோ தொடக்கத்திலிருந்தே சர்வலகுவை நம்பியவர். பாட்டின் நடையோடு நடந்து, பாடகருக்குச் சுகமாகக் கேட்கும்படி வாசித்தார். 2004இல் சங்கீத கலாநிதி பெற்றார். 2012இல் மறைந்தார். இளமையிலேயே குறைவாக வாசிக்கப் பழகிய கைக்கு முதுமையில் இழக்க அதிகம் இல்லை.

உமையாள்புரம் சிவராமன் மணி அய்யரிடமும் வைத்தியநாத அய்யரிடமும் பயின்றவர். சட்டம் படித்தவர். 1935இல் பிறந்து, பத்து வயதில் கும்பகோணத்தில் அரங்கேறி, எண்பது வயதைக் கடந்தும் மேடையில் இருந்தார். 2010இல் பத்ம விபூஷண் பெற்றார். கருவி பற்றி அவருக்கு ஓயாத தேடல் உண்டு. கண்ணாடியிழையில் செய்த மிருதங்கம் அந்தத் தேடலின் ஒரு விளைவு. மணி அய்யர் ஒலி மாறியதற்காக மேடையை ஒதுக்கினார். அவர் சீடர் கருவியையே சோதனைக்கு எடுத்துக்கொண்டு மேடையில் நின்றார். ஒரே பாணியில் வந்த இருவர், ஒரே சிக்கலுக்கு எதிரெதிர் விடை.

கடத்தில் விக்கு விநாயகராம் மேற்கொண்டது இன்னொரு வழி. 1970களில் ஜான் மெக்லாப்ளின், ஜாகிர் உசேன், எல். சங்கர் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் உலகம் சுற்றினார். அக்குழு பிற்பாடு மீண்டும் கூடியபோது, சிறிது காலத்தில் அவர் இடத்தில் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு அமர்ந்தார். தந்தை டி.ஆர். ஹரிஹர சர்மா தொடங்கிய ஸ்ரீ ஜய கணேஷ் தாளவாத்திய வித்யாலயத்தில் கற்பித்தலைக் கையில் எடுத்தார் விக்கு. விலகியவர் வேறு யாருமல்ல, இடம் கொடுத்தவர். அதனால் அங்கே ஓய்வு என்ற சொல்லே எழவில்லை.

கடல் கடந்த இரண்டு கணக்குகள்

மேல்நாட்டிலும் ஓய்வு பற்றிய இக்குழப்பம் உண்டு. கனடாவின் 'ரஷ்' குழுவின் டிரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட் 2015 ஆகஸ்ட் 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சுற்றுப்பயணத்தின் கடைசிக் கச்சேரியை வாசித்தார். தோள் தசைநார் வலியோடுதான் அந்தப் பயணம் முடிந்தது. அந்த ஆண்டின் கடைசியில் ஒரு டிரம்ஸ் இதழில் தம்மை ஓய்வுபெற்ற டிரம்மராகக் குறிப்பிட்டு எழுதினார். அது முழு ஓய்வா, பயணத்தை மட்டும் நிறுத்துவதா என்று ரசிகர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். உடன் வாசித்த கெடி லீ அச்செய்தியைத் தணித்துச் சொன்னார். பியர்ட் மறுபடி மேடை ஏறவே இல்லை. 2020 ஜனவரியில் அறுபத்தேழாம் வயதில் மறைந்தார். தாம் வைத்த தரத்துக்குக் குறைந்து வாசிக்க மாட்டேன் என்பது அவருடைய கணக்கு.

'ஜெனசிஸ்' குழுவின் பில் காலின்ஸ் கணக்கு நேர் எதிரானது. கழுத்தெலும்புக் காயத்தால் 2009இலேயே அவரால் டிரம்ஸ் வாசிக்க முடியாமல் போனது. ஆனாலும் 2021–22இல் குழு மீண்டும் பயணம் போனபோது, நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். டிரம்ஸில் மகன் நிக் அமர்ந்தார். கடைசிக் கச்சேரி 2022 மார்ச்சில் லண்டனில் நடந்தது. கை போனாலும் மேடையில் தமக்கு இன்னோர் இடம் உண்டு என்றார் அவர். டி.கே. மூர்த்தியின் கொன்னக்கோலும், விக்கு மகனுக்குத் தந்த இடமும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றன. பியர்டின் கணக்கு மணி அய்யருக்கு அருகே வருகிறது. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். பியர்ட் தம் உடலை அளந்து விலகினார். மணி அய்யர் அரங்கை அளந்து விலகினார்.

நம் வட்டாரம் செய்யக்கூடியது

1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் ஆவடி வழியாகவே போனது. அதே பாதையில்தான் இன்றும் அம்பத்தூர், ஆவடிக் கலைஞர்கள் சென்ட்ரல் போய் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களுக்குச் சேர்கிறார்கள். பகலில் ஆலையில் வேலை, மாலையில் துணி உறையில் மிருதங்கம் என்று வாழ்ந்து பழகிய ஊர் இது. மார்கழிக் கச்சேரி முடிந்து இரவில் கருவியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கித் திரும்பும் சிரமமே, பல மூத்தவர்களைக் கைவலிக்கு முன்பே மேடையை விட்டு அகற்றிவிடுகிறது. புறநகரில் ஒருவர் ஓய்வுபெறுகிறார் என்றால் அதில் தாளம் பாதி, தூரம் பாதி.

தூரத்தைக் குறைக்க நம்மிடம் வழி இருக்கிறது. பாடியில் திருவலிதாயம், திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர், பூவிருந்தவல்லியில் திருக்கச்சி நம்பிகள் பேர் சொல்லும் வரதராசப் பெருமாள், திருமழிசையில் சகந்நாதப் பெருமாள் என்று தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் கேட்டு வளர்ந்த கோயில்கள் சுற்றிலும் உள்ளன. குன்றத்தூரோ சேக்கிழாரின் ஊர். இவற்றின் மண்டபங்களும், நம் பகுதியின் சிறிய அரங்குகளும், ஒரு நூறு பேர் உட்காரக்கூடிய கூடங்களும் மைக் இல்லாத கச்சேரிக்குப் பொருத்தமானவை. மணி அய்யர் கேட்ட நிபந்தனையைப் பெரிய சபாக்களால் நிறைவேற்ற முடியவில்லை. சிறிய புறநகர்க் கூடத்தால் முடியும். மயிலாப்பூர் சபாக்களைவிட இதில் நாம் வசதி மிக்கவர்கள்.

அதற்குச் சில நடைமுறைகள் வேண்டும். மூத்த வித்வானுக்கு மூன்று மணிநேரக் கச்சேரி தேவையில்லை. ஒன்றரை மணிநேரமும், ஒரு சின்னத் தனி ஆவர்த்தனமும் போதும். சம்மணம் போட்டு உட்கார முடியாதவருக்குத் தாழ்ந்த பலகையோ இருக்கையோ தருவதில் மேடை மரியாதை ஒன்றும் குறையாது. வீட்டிலிருந்து அழைத்து வந்து கொண்டுபோய் விட ஒரு காரும், கருவியைத் தூக்க ஒரு மாணவரும் சன்மானத்தைப் போலவே முக்கியம். நோட்டுப் புத்தகங்களில் மங்கிக்கொண்டிருக்கும் மோராக்களையும் கோர்வைகளையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்யலாம். வாசிப்பு நின்றாலும் அந்தச் சொற்கட்டு அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். அவருக்குக் கருவி செய்து தந்த தொழிலாளியையும் அதே மேடையில் அழைத்துச் சிறப்பிக்கலாம். உதவி தேவைப்படும் கலைஞருக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் நலிந்த கலைஞர் நிதியுதவி இருக்கிறது. விண்ணப்பம் எழுதித் தருவதுகூட ஒரு ரசிகர் செய்யக்கூடிய சேவைதான்.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. அழைப்பிதழில் "கடைசிக் கச்சேரி" என்று அச்சடிக்கக் கூடாது. அந்த வரி வித்வானின் வாயிலிருந்து வராதவரை நமக்கு அதை எழுத உரிமை இல்லை. ஆலையில் ஓய்வுத் தேதியை நிர்வாகம் குறிக்கும். மேடையில் அதைக் குறிக்கும் உரிமை வாசிப்பவருடையது. அவர் மைக்கை மறுத்து விலகலாம், கொன்னக்கோலுக்கு மாறலாம், மகனுக்கோ மாணவிக்கோ இடம் தரலாம், அடுத்த ஆண்டு மனம் மாறித் திரும்பியும் வரலாம். இவை அனைத்துக்கும் இடம் வைத்துத்தான் நாம் விழா எடுக்க வேண்டும்.

வரும் ஸ்ரீராம நவமியிலோ நவராத்திரியிலோ, அம்பத்தூர் முதல் பூவிருந்தவல்லி வரை ஒவ்வொரு அமைப்பும் ஒரே ஒரு மாலையை ஒலிபெருக்கி இல்லாமல் ஒதுக்கினால் போதும். விலகிப்போன மூத்தவர்களில் எத்தனை பேர் கையால் ஓய்ந்தவர்கள், எத்தனை பேர் நாம் ஓய வைத்தவர்கள் என்ற கணக்கு அந்த ஆண்டே தெரிந்துவிடும்.